காட்டுராஜாவும் அவரை வேண்டியவர்களும்

வாரிசற்ற அரியணை ஆளில்லாத வீட்டைப் போன்றது; உரிமை கொண்டாடப் பலர் வருவர். இரஷ்யாவில் 1591-இல் இறந்துபோன இளவரசர் திமீத்ரி தாமே என்று சொல்லிக்கொண்டு, 1605-இல் ஒருவர் மாஸ்கோவில் முடிசூடினார். மறு ஆண்டே அவர் கொல்லப்பட்டார். அதன் பின்னும் அதே பெயரில் இருவர் தோன்றினர். முதலாமவர் 1604-இல் போலந்தில் மறைவாகக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். இரஷ்யா உரோமையோடு ஒன்றிக்கும் என்ற ஆவலில் நம்மவர் சிலரும் அவரை நம்பினர். ஆவல் மிகும் இடத்தில் ஆய்வு குறைந்துவிடுகிறது.

நம் மண்ணும் இதற்கு விலக்கன்று. மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் 1732-இல் மகப்பேறின்றி மறைந்தார். அவ்வாரிசுப் பூசலில் நுழைந்த சந்தா சாகிப் திருச்சியைக் கைப்பற்றினார். நம் அம்மையநாயக்கனூர்ப் போரோடு திண்டுக்கல்லும் அவர் வசமாயிற்று. அடுத்து அவர் பார்வை தஞ்சையின்மேல் விழுந்தது.

அங்கும் அரியணை ஆட்டங்கண்டிருந்தது. மராத்திய மன்னர் துக்கோஜி 1736-இல் இறந்தார். அவருக்குப் பின் ஏகோஜி ஓராண்டளவே ஆண்டார். அவர் துணைவி சுஜான்பாயின் ஆட்சியும் நிலைக்கவில்லை. கோட்டைத் தலைவர் சையதின் கை ஓங்கியது. அந்நிலையில், முன்னாள் மன்னர் முதலாம் சரபோஜியின் மகன் என்று கூறிக்கொண்டு சாகுஜி என்பவர் 1738-இல் அரசேறினார். காட்டிலிருந்து வந்தவரானதால் ‘காட்டுராஜா’ எனப்பட்டார். பணிப்பெண் ஒருத்தியின் மகனே அவர் என்றனர் எதிர்த்தரப்பினர்.

அரியணை இழந்த சாகுஜி, காரைக்காலைத் தருவதாகப் பிரெஞ்சுக்காரருக்கு வாக்களித்தார். அரசு மீண்டதும் வாக்கு மாறினார். 1739-இல் சந்தா சாகிப்பின் துணையோடு பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். அவ்வாண்டே பிரதாபசிங் மன்னரானார். பத்தாண்டுகளுக்குப் பின், 1749-இல், ஆங்கிலேயர் சாகுஜியின் உரிமையைச் சொல்லிப் படையெடுத்தனர். தஞ்சை மக்கள் அவர் பக்கம் திரளவில்லை. தேவிக்கோட்டை கைக்கு வந்ததும் ஆங்கிலேயர் பிரதாபசிங்கோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். சாகுஜிக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 4,000 ரூபாய் உதவித்தொகை!

அவர் மெய்யான வாரிசா, வேடதாரியா? தமக்கு வேண்டியிருந்தபோது ஆங்கிலேயர் அவரை உரிமையுள்ள மன்னர் என்றனர். தஞ்சை அரண்மனை வரலாறோ அவரைப் போலி என்றது. பெரிய கோயிலில் 1803-இல் அம்மரபின் வரலாற்றைக் கல்லில் பொறிக்கச் செய்தவர் இரண்டாம் சரபோஜி. பிரதாபசிங்குடைய மகனின் சுவிகாரப் பிள்ளை. அச்சுவிகாரமே செல்லாதென்று 1787-இல் அரசுரிமை மறுக்கப்பட்டு, 1798-இல்தான் அரியணை பெற்றவர்! வென்றவரின் கல்லே இன்று நமக்குச் சாட்சி.

சாகுஜியின் பிறப்பைக் காரைக்காலுக்காகக் காத்திருந்தவர்களும் தேவிக்கோட்டையை நாடியவர்களும் துருவி ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால் அவர்களுக்கு இழப்பே மிஞ்சியிருக்கும். வேடம் பூணுபவர் ஒருவர். அவ்வேடத்தால் பயன்பெறக் காத்திருப்போர் பலர். ஊரிலோ சங்கத்திலோ தலைமை வெறுமையாகும்போது, வந்து நிற்பவர் யார் என்று உடனே கேட்கிறோம். அவர் பின்னால் நிற்பவர்கள் யார் என்றும், நம் எந்த ஆசை அவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்றும் கேட்பது அதனினும் தேவை.