திருமணியும் துன்பத்தின் இறையியலும்

துன்பமும் ஆசீர்வாதமே என்னும் பிரசங்கத்துக்கு நம் சபைகளில் பஞ்சமில்லை. அக்கூற்றை உரசிப் பார்க்கச் செங்கல்பட்டை அடுத்த திருமணியைவிடத் தகுந்த இடம் தமிழகத்தில் அரிது. லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை அங்கேதான் இருந்தது. 1955இல் இந்திய அரசு அதை ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது.

1947இல் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அழைத்ததன்பேரில் வேலூர் சி.எம்.சி. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே வந்தார். மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர் அவர். மடங்கிப்போன கையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையை இறுகப் பற்றச் சொன்னார். அந்தப் பிடியில் வலித்தது பிராண்டுக்குத்தான். நோயாளிக்கு எதுவும் தெரியவில்லை. செத்துப்போனதாகக் கருதப்பட்ட கையில் வலு இருந்தது, உணர்வு இல்லை. தொழுநோய் விரல்களை நேரடியாகத் தின்றுவிடுகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. சூடும் முள்ளும் உறைக்காத கை மீண்டும் மீண்டும் காயப்பட்டு, சீழ்பிடித்து, எலும்பு தேய்ந்துதான் விரல்களை இழக்கிறது என்பதை அவருடைய பிற்கால ஆய்வுகள் நிறுவின.

இதிலிருந்தே வலி கடவுளின் கொடை என்னும் முடிவுக்கு அவர் வந்தார். எழுத்தாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட நூலில் அதை விரித்துரைத்தார். அந்நூலுக்கு முன்பே அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் செயற்கை வலிக் கருவி ஒன்றை உருவாக்க முயன்று தோற்றதும் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. எச்சரிக்கைக்காக மின்னதிர்ச்சி கொடுத்தால், வேலை முடியட்டும் என்று நோயாளிகள் கருவியையே அணைத்துவிட்டார்கள். நம் விருப்பப்படி நிறுத்த முடியாததாய் இருப்பதால்தான் வலி நம்மைக் காக்கிறது.

ஆயினும் பிராண்ட் நிறுவியது வலியின் பயனைத்தான். துன்பம் அத்தனையும் கொடை என்பதற்கு அவர் கண்டது சான்றாகாது. திருமணிக்கு வந்தவர்களை அதிகம் வாட்டியவை வீட்டிலிருந்து விலக்கப்பட்டதும், திருமண உறவு முறிந்ததும், வேலை பறிபோனதும். இவை எந்த உறுப்பையும் காக்கும் எச்சரிக்கை அல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களில் ஏறிய சுனாமி அலையும் அப்படியே. அதில் படகையும் வலையையும் பறிகொடுத்தவரிடம் அதை ஆசீர்வாதம் என்பது இறையியல் ஆகாது, அது கொடுமை.

வேதமும் அப்படிச் சொல்வதில்லை. யோபுவின் துன்பத்துக்குக் காரணம் கற்பித்த நண்பர்கள்தாம் இறுதியில் கண்டிக்கப்படுகிறார்கள். பிறவிக் குருடரின் நிலையைப் பாவத்தோடு முடிச்சுப்போட இயேசு மறுக்கிறார். மலைப்பிரசங்கம் துயரப்படுவோரைப் பாக்கியவான்கள் என்கிறது. அவர்களுக்கு ஆறுதல் உறுதி என்பதே அங்கே காரணம். துயரத்துக்குப் புகழ்ச்சி இல்லை.

மறுதரப்பின் வலிமையான சான்று ரோமர் 5. உபத்திரவம் பொறுமையை விளைவிக்கும் என்பதால் அதில் மேன்மைபாராட்டுவதாகப் பவுல் எழுதுகிறார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அடியும் சிறையும் பட்டவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் சாட்சி அது. அதே பவுல் தம் மாம்சத்தில் தைத்த முள் நீங்க மூன்று முறை வேண்டினார். நீங்காதபோதுதான் கிருபை போதும் என்ற பதில் கிடைத்தது. பட்டவர் பின்னாளில் அறிக்கையிடலாம். படாதவர் அதை அவருக்கு விதிக்க முடியாது. துன்பத்தின் மீட்புப் பொருளை ஆழமாகப் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் 1984 திருமடலும், துன்புறுவோருக்கு நன்மை செய்யும் கடமையை அதிலிருந்து பிரிக்கவில்லை.

பிராண்டின் கொடையை ஒரு தனி மனிதரின் உடலோடு நிறுத்தாமல் 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம். அங்கே சபை ஓர் உடல். ஓர் அவயவம் பாடுபட்டால் மற்றவையும் பாடுபடும். அந்த வலி உறைப்பதுதான் கொடை. துன்புறுவோரிடம் இது உனக்கு ஆசீர்வாதம் என்று சொல்லிக் கடந்துபோகும் சபை அந்த உணர்வை இழந்த உடல்.

மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளியின் நோயில் எந்தப் பாடமும் தேடவில்லை. மனதுருகித் தொட்டார். ஆசாரியரிடம் காட்டச் சொன்னார். ஊர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதற்கான அன்றைய நடைமுறை அது. இந்தியாவில் அதற்கு இணையான வேலை சட்டத்தின் வழியே மிகத் தாமதமாக நடந்தது. தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது; தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கும் வழி 2019இல்தான் அடைபட்டது.