கறி ஆகாத வேளை: காரைக்கால் கரையின் எளிய உணவு மரபு

காரைக்கால் என்றதும் தமிழறிந்தார் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது மாங்கனி. ஆண்டுதோறும் ஆனித் திங்கள் முழுநிலா நாளை ஒட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவில், மாடிகளில் நிற்போர் கனிகளை வாரி இறைப்பதும், தெருவில் நிற்போர் அவற்றைக் கையேந்திப் பெறுவதும் இவ்வூருக்கே உரிய காட்சி. அவ்விழாவுக்கு மூலமான நிகழ்ச்சியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்துள் விரித்துரைத்தார். வணிகன் பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். அவற்றை வாங்கி வைத்த புனிதவதியாரின் இல்லத்துக்குப் பசித்த அடியவர் ஒருவர் வந்து சேர்கிறார். சோறு வெந்துவிட்டது, கறி ஆகவில்லை. வந்தவரோ காத்திருக்கும் நிலையில் இல்லை. அம்மையார் சோற்றைப் படைத்து, உடன் ஒரு மாங்கனியையும் வைத்து அவர் பசியைத் தீர்த்தார்.

பின்னர் நிகழ்ந்த அற்புதத்தையே உலகம் பேசுகிறது. அதற்கு முந்தைய இச்சிறு காட்சியோ, இல்லறத்தார் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றைக் காட்டுகிறது. நேரம் இல்லை, கறி ஆகவில்லை, பசி நிற்காது. அவ்வேளையில் என் செய்வது? கடையடைத்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் வணிகரும், அலுவலகத்திலிருந்து களைத்து வரும் பெண்டிரும் இன்றும் இதே கேள்வியோடுதான் அடுக்களை வாயிலில் நிற்கின்றனர். பலர் அதற்கு விடையாகப் பொட்டலங்களையும் பரோட்டாக் கடைகளையும் நாடுகின்றனர். காவிரியின் கடைமடையாகிய இக்கரையின் வரலாறு வேறு சில விடைகளை வைத்திருக்கிறது. அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

களைத்து வந்தோரின் பகலுணவு

காரைக்காலுக்கு வடக்கே, அதே கடற்கரையில் அமைந்தது காவிரிப்பூம்பட்டினம். அங்கிருந்து புறப்பட்ட கோவலனும் கண்ணகியும், சமணத் துறவியாகிய கவுந்தியடிகளின் துணையோடு மதுரைக்கு நடந்தனர். நெடுவழி நடந்த களைப்போடு அவர்கள் ஆயர் குலத்து மாதரியின் மனையில் தங்கினர். கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதை உணர்ந்த மாதரி, அதற்கேற்ற உணவைக் கண்ணகியே சமைத்துக்கொள்ளுமாறு புதிய கலங்களையும் பொருள்களையும் கொடுத்தாள் எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அவ்வுணவு பகலில் உண்ணும் உணவு என்றும், சாவகர் இரவில் உண்ணார் என்றும் உரைகாரர் விளக்குவர்.

மாதரி கொடுத்த பொருள்களை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகக் கூறுகிறார். பலாக்காய், வரியுடைய வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி, ஆயர் வீட்டுப் பாற்பயன் ஆகியவை அவை. பட்டியலை நோக்கினால் ஒரு வியப்பு உண்டாகும். செல்வ வணிகர் குலத்தில் பிறந்தோர்க்குரிய பல்வகைப் பண்ணியங்கள் இதில் இல்லை. இரண்டு மூன்று காய், இரண்டு பழம், ஒரு தானியம், பால் என்னும் அளவோடு அது நிற்கிறது. நிலத்தடியில் விளையும் கிழங்கு ஒன்றும் அதில் இல்லை. ஐயை அடுப்பை மூட்ட உதவினாள். வேலைக்குப் பழகாத கண்ணகியின் விரல்கள் சிவந்தன, முகம் வியர்த்தது. வாழைக் குருத்தை விரித்து அவள் கணவனுக்குப் படைத்தாள். அதுவே அவனுக்கு அவள் இட்ட கடைசி உணவு என்பதை எண்ணும்போது, அந்த எளிய இலையின் சிறப்பு பன்மடங்காகிறது. அன்போடு ஆக்கிய உணவுக்கு எண்ணிக்கை பெருமை சேர்ப்பதில்லை.

மருந்தைப் பெயராகக் கொண்ட நூல்கள்

உணவும் மருந்தும் ஒன்றே என்னும் எண்ணம் தமிழில் நூற்பெயர்களாகவே நிலைபெற்றது. சமணச் சான்றோராகிய கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும், காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் பெயரிட்டனர். ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் ஒன்று முதல் ஆறு வரையான பங்குகளில் சேர்ந்தது ஏலாதிச் சூரணம். திரிகடுகம் என்னும் மற்றொரு நூலின் பெயர் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் குறிக்கும். உடல் நோய் தீர்க்கும் பொருள்களைப் போல உள்ள நோயைத் தீர்க்கும் கருத்துகளை ஒரே பாட்டில் தொகுத்துத் தருவது இந்நூல்களின் முறை.

இங்கு மனையறத்தார் கொள்ளத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. இம்மருந்துப் பொருள்கள் பெரும்பாலும் உலர்ந்தவை. ஓய்ந்த நாளில் இடித்து வைத்தால் ஓய்வில்லாத நாளில் கைகொடுப்பவை. பச்சை இஞ்சியை விலக்கும் நோன்பினரும் உலர்ந்த சுக்கை ஏற்பர். மிளகும் சீரகமும் சுக்கும் பொடித்து வைத்த வீட்டில், அரை மணி நேரத்துக்குள் பருப்பும் சோறும் மணக்கும்.

பழஞ்சோறும் நோன்பும்

காவிரிப் படுகையின் உழவர்க்குக் காலை உணவு பழஞ்சோறு. இரவில் எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து, விடியலில் மோரும் உப்பும் கூட்டி உண்டு வயலுக்குச் செல்வது வழக்கம். காலையில் அடுப்பு மூட்டும் வேலை இல்லை. நீராகாரம் வெயிலில் உழைப்போர்க்கு நீரையும் உப்பையும் ஈடுசெய்தது. நடவு நாளில் விடியுமுன் வயலில் இறங்க வேண்டிய பெண்டிர்க்கு இதைவிட ஏற்ற உணவு கிடைத்திராது.

ஆயினும் சமண இல்லறத்தார்க்கு இவ்வழி திறந்திருக்கவில்லை. இரவு முழுதும் நீரில் ஊறிய உணவில் நுண்ணுயிர் பெருகும் என்பதனால், வைகிய சோற்றை அவர்கள் விலக்கினர். ஊரெல்லாம் கைக்கொண்ட எளிய வழியை விட்டு, நாள்தோறும் புதிதாய்ச் சமைக்க வேண்டிய கடமை அவர்கள் மனைகளில் விழுந்தது. இக்கடமையின் சுமை பெரிதும் பெண்டிர் தோள்மீதே இருந்தது என்பதை மறைத்தல் தகாது. திருவாரூரை அடுத்த தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் இன்றும் சமணக் கோயில்கள் உள்ளன. உழவரோடு உழவராய் இப்படுகையில் வாழ்ந்த சமணக் குடிகள் இச்சுமையை எவ்வாறு தாங்கினர்?

விடை, அறநெறியிலேயே அடங்கியிருந்தது. சமணம் கூறும் ஆறு புறத்தவங்களுள் முதல் நான்கும் உணவைப் பற்றியவை. உண்ணாநோன்பு ஒன்று. வயிறு நிறையுமுன் கையெடுப்பதாகிய அவமோதரியம் இரண்டு. ஏற்கும் உணவுக்கு முன்னரே வரையறை செய்துகொள்ளும் விருத்தி பரிசங்கியானம் மூன்று. நெய், இனிப்பு முதலிய சுவைகளுள் சிலவற்றை விடுக்கும் ரசபரித்தியாகம் நான்கு. துறவியர்க்குத் தவமாக வகுத்த இவற்றை இல்லறத்தார் தம் அளவில் மேற்கொண்டபோது, அடுக்களையின் சுமையும் குறைந்தது. பொருள் குறைந்தால் கலம் குறையும். கலம் குறைந்தால் உழைப்புக் குறையும்.

வட மாநிலங்களிலிருந்து வந்து தமிழக ஊர்களில் குடியேறிய சமணக் குடும்பங்கள் தம்முடன் காக்கரா கொண்டுவந்தன. மெல்லியதாய்த் திரட்டி, ஈரம் அறவே நீங்கச் சுட்ட அந்த அப்பம் பல நாள் கெடாது. ஈரமில்லாத உணவு வைகினும் குற்றமில்லை என்னும் நுட்பம் இதில் உள்ளது. பொரியும் வறுத்த பயறும் இவ்வகையினவே. வீட்டில் இவை இருக்கும்வரை, களைத்து வந்தோர் கடைப்பொட்டலத்தை நாட வேண்டியதில்லை.

புழுங்கல் அரிசியின் பாடம்

எளிமை வேறு, வெறுமை வேறு என்பதை அரிசியின் வரலாறு உணர்த்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் வந்து அரிசியை வெள்ளையாகத் தீட்டத் தொடங்கியபோது, ஆசிய நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் பரவியது. ஜாவாத் தீவில் ஆராய்ந்த டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியே இதற்கு அடிப்படை என்பதை வெளிக்கொணர்ந்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் குன்னூர் ஆய்வகத்தில் மக்காரிசன் இந்நோயையும் பல பகுதி மக்களின் உணவையும் ஆராய்ந்தார். தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் பகுதியில் இந்நோய் மிகுந்தது. புழுங்கல் அரிசி உண்டோரிடம் குறைந்தே காணப்பட்டது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் அருகிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. இதனைப் பெயரிட்டு அறியாமலேயே படுகை மக்கள் தலைமுறைதோறும் நெல்லை அவித்துவந்தனர். ஆனால் மக்காரிசனின் ஒப்பீடு மற்றோர் உண்மையையும் உரைத்தது. பாலும் பயறும் காய்கறியும் இன்றி அரிசியை மட்டும் மிகுத்து உண்ணும் தென்னாட்டு உணவு வலிமை தரவில்லை. ஆகவே, விரைவில் ஆகிறது என்பதற்காக வெறுஞ்சோற்றோடு நிறுத்துவதும் முறையன்று. இதற்கும் படுகை நிலமே வழிகாட்டுகிறது. சம்பா அறுவடைக்குப் பின் அதே வயலின் ஈரத்தில் உளுந்தும் பாசிப்பயறும் விளைகின்றன. அரிசியில் குறையும் புரதக்கூறு பயற்றில் உண்டு. பயற்றில் குறைவது அரிசியில் உண்டு. இரண்டையும் ஒரே பானையில் இட்டு மிளகும் சீரகமும் சேர்த்தால் பொங்கல். வடநாட்டார் அதனைக் கிச்சடி என்பர். களைத்த நாளுக்கு ஒரு பானையும் ஓர் அடுப்பும் போதும்.

கடல் கடந்த பொடியும் பள்ளிப் பந்தியும்

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி அனுப்பும் துறைமுகமாயிற்று. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் பகல் முழுதும் உழைத்த அத்தமிழர், வறுத்துப் பொடித்த மசாலையைக் கைவிடவில்லை. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்று கொலம்போ என வழங்கும் பொடியின் பெயர் குழம்பு என்னும் தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையது எனக் கருதுவர். உழைத்துக் களைத்தவர்க்கு, முன்னரே பொடித்து வைத்த ஒரு கலம் பொடி எத்துணைப் பெரிய துணை என்பதற்கு இச்சொல்லே சான்று.

பெற்றோர் வயலுக்குச் சென்ற வீட்டில் குழந்தைகளின் பசியை ஆற்றுவது யார்? புதுவை, காரைக்கால் பகுதிகளில் பிரெஞ்சு ஆட்சி 1930இலேயே பள்ளிச் சிறுவர்க்கு நண்பகல் உணவு வழங்கும் முறையைத் தொடங்கியது. தமிழகத்தில் 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக்கினார். 2022இல் தமிழகப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியனவே அதன் உணவு வகைகள். பல குழந்தைகளுக்குக் குறித்த நேரத்தில் சத்துடன் உணவிட முனைந்த அரசும், இறுதியில் தெரிந்தெடுத்தது ஒரு பானை உணவையே என்பது கருதத்தக்கது.

கதிரவன் வகுத்த எல்லை

காரைக்காலில் கதிரவன் மறைவது ஆண்டு முழுவதும் மாலை ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையிலேயே. அதற்குள் உண்டு முடிக்கும் இரவுண்ணா நோன்பு, விளக்கொளியில் உணவில் விழும் சிற்றுயிர்களைக் காக்கும் கருணையால் எழுந்தது. உடலுக்குள்ளும் பகல் இரவு அறியும் கடிகாரம் உண்டு என்பதை இன்றைய அறிவியல் உறுதிப்படுத்தியுள்ளது. அதன் இயக்கத்தை விளக்கிய அறிஞர் மூவர்க்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. காலையில் சர்க்கரையைக் கையாளும் திறன் இரவில் உடலுக்குக் குறைகிறது என்பர் ஆய்வாளர். அறத்தால் வகுத்த எல்லை உடலுக்கும் இசைந்தது.

ஆயினும் ஒன்பது மணிக்குக் கடையடைப்பவர் ஆறு மணிக்குள் உண்பது எங்ஙனம்? இதற்கு வரலாறு காட்டும் வழி கடுமையானதன்று. மாலை ஐந்தரை மணிக்குக் கடையிலேயே உண்ணத்தக்க ஒரு கலம் உணவை நண்பகலிலேயே சமைத்துக் கொடுத்தனுப்பலாம். நாள்தோறும் இயலாதவர் வாரத்தில் இரு நாளேனும் தொடங்கலாம். காக்கராவும் பொரியும் வறுத்த பயறும் கல்லாப் பெட்டிக்கு அருகிலேயே இருக்கலாம். விடுமுறை நாளில் ஆடவரும் பெண்டிரும் கூடிப் பொடி இடித்து, பயறு வறுத்து வைக்கலாம். கண்ணகிக்கு அடுப்பு மூட்டத் துணை நின்ற ஐயையைப் போல, ஒருவர் சுமையை மற்றவர் பகிர்ந்தால் எந்நோன்பும் எளிதாகும்.

கறி ஆகாத வேளையிலும் பசித்தவரைக் காக்க வைக்காமல், வீட்டில் இருந்த கனியை எடுத்து இலையில் வைத்த கை காரைக்காலின் கை. சில பொருள், சிறிது நேரம், பொழுது சாயுமுன் ஒரு பந்தி என்னும் அம்மரபை, இப்பெருநாளில் ஒவ்வோர் இல்லமும் நினைவுகூர்ந்து மேற்கொள்வதாக.