ஊலி ஓடுபாதையும் ஜெனீவா உடன்படிக்கையும்

முற்றுகையிட்ட நகரத்தின் கனிமரங்களை வெட்டலாகாது என்று உபாகமம் 20ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. மரத்துக்கு இரங்கும் அச்சட்டம், மதிலுக்குள் பசித்திருக்கும் பிள்ளையின் உணவைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை அப்பிள்ளையை நினைத்தது. 15 வயதுக்குட்பட்டோர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இன்றியமையாத உணவும் உடையும் முற்றுகையினூடே செல்ல இடந்தரவேண்டும் என்பது அதன் 23ஆம் பிரிவு. எனினும், அப்பொருள்கள் எதிரியின் கைக்குப் போய்ச்சேரும் என்று அஞ்சத்தக்க காரணமிருப்பின் தடுக்கலாம் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. அன்றியும் இப்பிரிவு நாடுகளுக்கிடையே நிகழும் போருக்கே உரியது. உள்நாட்டுப் போருக்கோ 3ஆம் பிரிவு மட்டுமே இருந்தது. அதன்படி, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற பாரபட்சமற்ற அமைப்பு உதவிசெய்ய முன்வரலாம். ஏற்பதும் மறுப்பதும் போர்புரிவோர் விருப்பம்.

இந்தக் குறை எத்தகையது என்பதை உலகம் பயாப்ராவில் கண்டது. 1966இல் வடநைஜீரியாவில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொலையுண்டதன் பின், 1967 மே 30 அன்று கிழக்கு மாநிலம் ஒஜுக்வுவின் தலைமையில் பயாப்ரா என்னும் பெயருடன் பிரிந்தது. ஜூலையில் போர் மூண்டது. 1968 மே மாதத்தில் ஹார்கோர்ட் துறைமுகமும் வீழவே, கடல்வழி முற்றும் அடைபட்டது. புரதக் குறைவினால் வயிறு வீங்கி, தலைமயிர் செம்பட்டையான குழந்தைகளின் படங்கள் மேனாட்டுச் செய்தித்தாள்களில் வெளிவந்தன. பட்டினியும் போரின் ஒரு கருவியே என்று லாகோஸ் அரசின் பொறுப்பாளர் சிலர் வெளிப்படையாகக் கூறினர். அவ்வரசு தரைவழியாக உணவு அனுப்ப இசைந்தபோதோ, நஞ்சு கலந்திருக்கும், அவ்வழியே படையும் வரும் என்று ஒஜுக்வு மறுத்தார். பசித்தோரைப் பணயமாக வைத்ததில் இரு தரப்பாரும் குற்றமற்றவரல்லர் என்றே நாம் கருதுகிறோம்.

இந்நிலையில் புரொட்டஸ்டண்டு திருச்சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒன்றுசேர்ந்து செய்த காரியம் திருச்சபை வரலாற்றில் புதிது. லாகோஸ் அரசின் இசைவைப் பெறாமலே, போர்ச்சுக்கல்லின் ஆளுகையிலிருந்த சாவோ தோமே தீவிலிருந்து அவர்கள் இரவு விமானங்களை அனுப்பினர். ஊலி என்னுமிடத்தில் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே ஓடுபாதையாயிற்று. விமானம் இறங்கும் சில கணங்கள் மட்டுமே விளக்குகள் எரிந்தன; தலைக்குமேல் குண்டுவீசும் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. பால்மாவும் உப்பும் நார்வே நாட்டு உலர்மீனுமாக ஏறத்தாழ 60,000 டன் சரக்கு 5,000க்கு மேற்பட்ட பயணங்களில் போய்ச்சேர்ந்தது. ‘இயேசு கிறிஸ்து விமான நிறுவனம்’ என்று இதனை வேடிக்கையாக அழைத்தவர்களும் உண்டு. விமானப் பணியாளர் பலர் உயிர்துறந்தனர் என்பதை நினைக்கும்போது அப்பெயர் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

செஞ்சிலுவைச் சங்கமும் விமானங்களை அனுப்பிற்று. ஆயினும் அது அரசின் இசைவை இடைவிடாது நாடியது. 1969 ஜூன் 5 அன்று அதன் விமானமொன்றை நைஜீரிய விமானப்படை சுட்டு வீழ்த்தியது. சங்கம் தன் பயணங்களை நிறுத்தியது. செப்டம்பரில் பகற்பயணத்துக்கு லாகோஸ் இசைந்தது, பயாப்ரா இசையவில்லை. திருச்சபைகளின் விமானங்களோ தொடர்ந்து பறந்தன.

சட்டத்தைவிட அன்பு பெரிது என்று இவ்விடத்தில் முடித்துவிடுவது எளிது. ஆனால் உணவு இறங்கிய அதே ஓடுபாதையில், அதே இருளில், ஆயுத விமானங்களும் இறங்கின. உதவிப்பணத்தின் வழியாக வந்த அந்நியச் செலாவணி பயாப்ரா அரசுக்குப் பயன்பட்டது. திருச்சபைகளின் உணவு விமானத்தை 1968 ஆகஸ்டில் துணிவுடன் ஓட்டிச்சென்ற சுவீடன் நாட்டுப் பிரபு வான் ரோசன், 1969 மே மாதத்தில் சிறு விமானங்களுடன் திரும்பிவந்து நைஜீரிய விமானத்தளங்களைத் தாக்கினார். அடுத்த சில வாரங்களிலேயே செஞ்சிலுவை விமானம் வீழ்த்தப்பட்டது. உதவிப்பணி போரை நீட்டித்ததா என்ற கேள்வி திருச்சபை வட்டாரங்களிலேயே எழுந்தது. இன்றும் அது தீரவில்லை. உணவை அனுப்பியது தவறென்று நாம் கூறத் துணியோம். அனுப்பியவர்கள் தங்களை நடுநிலையாளர் என்று எண்ணிக்கொண்டதில்தான் தவறு இருந்தது.

கிறிஸ்தவர் இரு புறமும் நின்றனர் என்பதை மேனாட்டுச் சபைகள் பலவும் மறந்தன. 1961இல் புதுதில்லியில் கூடிய உலகத் திருச்சபை மாமன்றப் பேரவை தன் தலைவர்களுள் ஒருவராகத் தெரிந்துகொண்ட மருத்துவர் அக்கானு இபியம் பயாப்ராவின் பக்கம் நின்று, பிரிட்டன் அளித்த பட்டத்தையும் துறந்தார். அவரை எதிர்த்த நைஜீரியத் தலைவர் கோவானோ ஆங்கிலிக்கன் நற்செய்திப் பணியாளர் ஒருவரின் மகன். லாகோஸில் ஜெபித்த சபையார்க்கு, ஊலியின் விமானங்கள் தங்கள் சகோதரர் தங்களைக் கைவிட்டதன் அடையாளமாகவே தோன்றியிருக்கும். 1970 ஜனவரியில் பயாப்ரா சரணடைந்தபின், அவ்விமானங்களை அனுப்பிய அமைப்புகளின் உதவியைக் கோவான் மறுத்துவிட்டார். வெளிநாட்டுக் குருக்களும் கன்னியரும் பலர் நாடுகடத்தப்பட்டனர். மறுவாழ்வுப் பணியில் நைஜீரியக் கிறிஸ்தவ மன்றம் பங்குகொண்டது.

போரில் இறந்தோர் தொகை 10 லட்சத்துக்கு மேல் என்பர் பலர். அங்குப் பணிசெய்த பிரெஞ்சு மருத்துவர் சிலரும் சேர்ந்து, 1971இல் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் அமைப்பை நிறுவினர். 1977 ஜூன் 8 அன்று ஏற்கப்பட்ட இரண்டாம் கூடுதல் ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவு, உள்நாட்டுப் போரிலும் குடிமக்களைப் பட்டினியிடுவதைத் தடைசெய்தது. 18ஆம் பிரிவு உதவிப்பணிக்கு இடமளித்தது. அரசின் இசைவுடன் என்ற சொல்லை மட்டும் விடவில்லை. நைஜீரியா 1988இல் அவ்வொப்பந்தத்தில் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை.