தோட்டத்துச் சோம்பலும் கொக்கிப்புழுவும்

பதுளையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் வீதி பசறையைக் கடந்து லுணுகலையை அடைகிறது. அவ்வீதியின் இருமருங்கிலுமுள்ள தேயிலைத் தோட்டங்களில் ‘சோம்பேறி’ என்பது வெறும் வசைச்சொல் அன்று. கூலிக் கணக்கையும் தீர்மானித்த சொல். குறித்த நிறைக்குக் கொழுந்து கொய்யாதவருக்கு அரைப்பேர். பெரட்டுக்கு வராதவரைத் தேடிக் கங்காணி லயத்துக்குப் போவார். அவ்வாறு அழைத்து வரப்பட்டவர்களில் எவர் சோம்பேறி, எவர் நோயாளி என்று பிரித்தறியும் பரிசோதனை எதுவும் வெள்ளைத்துரைமாரின் தொடக்க காலத்தில் தோட்டங்களில் இருக்கவில்லை.

விடை ஒரு சிறு புழுவில் இருந்தது. 1880இல் ஆல்ப்ஸ் மலையின் கோத்தார்ட் சுரங்கப்பாதையில் வேலை செய்தோர் வெளிறி, மூச்சிரைத்து வீழ்ந்தபோது, இத்தாலிய அறிஞர் பெரோன்சித்தோ அவர்களின் குடலில் கொக்கிப்புழுவைக் கண்டார். அதன் குடம்பி தோலைத் துளைத்தே உட்புகுகிறது என்பதைக் கெய்ரோவில் பணியாற்றிய லூஸ் 1898இல் அறிவித்தார். ஈரமும் நிழலும் வெப்பமும் கொண்ட மண், அதில் வெறுங்காலோடு நடக்கும் மனிதர், மலகூடமில்லாத லயம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் புழுவுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. சேற்றுப்புண் என்று தள்ளிவிட்ட அரிப்பு, சில மாதங்களில் உடல் முழுவதையும் அசத்தும் இரத்தசோகையாக மாறியது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இப்புழுவின் பரவலை சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் 1902இல் எடுத்துரைத்தபோது, நியூயோர்க் பத்திரிகை ஒன்று அதைச் ‘சோம்பல் கிருமி’ என்று தலைப்பிட்டது. எங்கள் தொழிலுக்கே உரிய குறும்பு! ஆயினும் அத்தலைப்பு ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது: சோம்பல் எனப்பட்டது நோய்.

ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் மாத்தளைப் பகுதியில் தொடங்கி, இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. நுண்நோக்கியின் கீழ் மலம் சோதிக்கப்பட்டது. பட்டினி கிடக்கச் செய்து தைமோல் அல்லது கினோபோடியம் எண்ணெய் கொடுத்து, பேதி மருந்தும் கொடுத்தார்கள். அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்தான மருந்துகள் இவை. தொழிலாளரிடம் அச்சமும் தயக்கமும் இருந்ததில் வியப்பில்லை.

மருந்தெடுத்தவர் தேறினர், வேலைக்கும் திரும்பினர். ஆனால் புழு மண்ணில் இருந்தது. மலகூடங்கள் கட்டாத தோட்டங்களில் அதே மனிதருக்கு மீண்டும் தொற்றியது. மருந்து மலிவு, மலகூடம் செலவு என்பதே துரைமார் பலரின் கணக்கு. பழியோ தொழிலாளரின் பழக்கவழக்கத்தின் மீது விழுந்தது. ‘சோம்பேறி’ என்ற பட்டம் ‘சுத்தமற்றவர்’ என்று மாறியதே மிச்சம் என்பது என் கருத்து.

நிற்க. புழுவும் இல்லை, இரத்தசோகையும் இல்லை, ஆயினும் எழ முடியவில்லை என்போரின் நிலை என்ன? 1988இல் அமெரிக்க மருத்துவர்கள் ‘நாட்பட்ட களைப்பு நோய்த்தொகுதி’ என்று பெயரிட்டது இத்தகையோரின் நோய்க்கே. சிறு உழைப்புக்குப் பின்னர் நாட்கணக்கில் உடல் சரிந்துவிடுவது இதன் தனி அடையாளம். ஓய்வெடுத்தாலும் அது தீர்வதில்லை. நோயெதிர்ப்புத் தொகுதியில் இயற்கைக் கொல்லிக் கலங்களின் செயற்பாடு இவர்களில் குன்றியிருப்பதாக 1987இலேயே ஓர் ஆய்வு கூறியது. எனினும் 2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வகுத்த வரையறை அறிகுறிகளையே நம்பியது. அக்கலங்களின் சோதனையைக் கேட்கவில்லை.

நிவாரணம் பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே வந்து போயிற்று. பி கலங்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைப் பெற்ற 15 பேரில் 10 பேர் தேறினர் என்று 2011இல் நோர்வேயிலிருந்து செய்தி வந்தது. அதே ஆய்வாளர் 151 பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவில், மருந்து பெற்றோரில் 26 வீதமும் வெற்று மருந்து பெற்றோரில் 35 வீதமும் முன்னேற்றம் கண்டிருந்தனர். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைப் பிரித்தானிய வழிகாட்டி 2021இல் கைவிட்டது.

லுணுகலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இந்நோய் வந்தால், மலச் சோதனை குறை காட்டாது. இரத்தச் சோதனையும் காட்டாது. அறிக்கையைப் படித்த கங்காணிக்கு அவள் பெயரை அரைப்பேரில் எழுதத் தடையேதும் இராது.