மஞ்சள் தேமலின் மூலம் தேடியவர்

உளுந்தின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் உளுந்தூர்ப்பேட்டை. அதற்கு அண்மையில் அமைந்தது திருநாவலூர். 2019ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் இவ்வட்டார உழவர்க்கு, உளுந்துச் செடியின் தளிர் மஞ்சள் பூத்து நிற்கும் காட்சி புதியதன்று. இலை திட்டுத்திட்டாக வெளுக்கும், பூ குறையும், காய் சிறுக்கும். இளம்பருவத்திலேயே நோய் தாக்கிவிட்டாலோ, போட்ட விதையும் கைக்கு மீளாது. நம் வீடுகளில் இட்டலிக்கு ஊறும் உளுந்தும், கஞ்சியில் கலக்கும் பாசிப்பயறும் இந்த மஞ்சள் தேமல் நோய்க்கே இரையாகின்றன.

இப்பகையின் மூலத்தை ஆராய்ந்தோருள் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கே. வேலுதம்பி குறிப்பிடத்தக்கவர். அவருடைய ஆய்வு வாழ்வு, கல்வி எவ்வழியில் பயன் தரும் என்பதற்கு நல்லதொரு சான்றாகும்.

தாவர வைரசு பற்றிய அறிவு புகையிலையிலிருந்து பிறந்தது. 1892இல் உருசிய அறிஞர் இவானோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் சாற்றைப் பாக்டீரியாவும் புக முடியாத நுண்வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் டச்சு அறிஞர் பெய்யரிங்க், இது பாக்டீரியாவினும் வேறான தொற்றுப்பொருள் என்று நிறுவினார். நம் நாட்டில் பாசிப்பயற்றின் மஞ்சள் தேமலை 1960இல் நாரியானி என்னும் ஆய்வாளர் பதிவு செய்தார். இதனைப் பரப்புவது வெள்ளை ஈ. இவ்வைரசு, இரட்டைப் பிள்ளைகள்போல் ஒட்டிய இரு துகள்களாலான வகையைச் சேர்ந்தது. அதன் மரபுப்பொருள், ஏறத்தாழ 2,700 எழுத்துகள் கொண்ட இரு டி.என்.ஏ. வளையங்கள். ‘ஏ’ வளையம் வைரசைப் பெருக்குகிறது. ‘பி’ வளையம் அதனைச் செடிக்குள் பரவச் செய்கிறது.

வேலுதம்பியின் தொடக்க ஆய்வுகள் வைரசைப் பற்றியவை அல்ல. அமெரிக்காவில் பூவையாவுடன் இணைந்து, தாவரங்களில் சுண்ணச்சத்து ஆற்றும் பணியை ஆராய்ந்து 1984இல் கட்டுரை வெளியிட்டார். பின்னர்ப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கெல்வினுடன் அக்ரோபாக்டீரியம் என்னும் மண்வாழ் நுண்ணுயிரை ஆய்ந்தார். 1987இல் அவ்வாய்வு வெளிவந்தது. தன் மரபுப்பொருளின் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்தும் விந்தை உயிர் அது.

அயல்நாட்டில் கற்ற அந்நுட்பமே மதுரையில் உளுந்துக்கு உதவியது. நோயுற்ற செடியில் ஒரு வைரசு இருப்பதைக் காண்பது ஒன்று. அதுவே நோயை விளைவித்தது என்று மெய்ப்பிப்பது வேறொன்று. ஆய்வகத்தில் பிரித்தெடுத்த டி.என்.ஏ. தானாகவே நோயை உண்டாக்கினால்தான் குற்றம் உறுதியாகும். ஆகவே வைரசின் இரு வளையங்களையும் ஒரே அக்ரோபாக்டீரியத்தில் ஏற்றிச் செடிக்குள் செலுத்தும் முறையை அவரும் மாணவர்களும் 2003இல் வெளியிட்டனர். வெள்ளை ஈயின் துணையின்றியே செடி மஞ்சளித்தது.

வயலிலிருந்து எடுத்த உளுந்தில் ஒரு ‘ஏ’ வளையமும் ஐந்து வகையான ‘பி’ வளையங்களும் கிடைத்தன. அவற்றுள் இரண்டைச் சோதித்து 2004இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது: உளுந்தா, பாசிப்பயறா, எது மிகுதியாக வாடும் என்பதை முடிவு செய்வதில் ‘பி’ வளையத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பகைவன் ஒருவனல்லன், பல வேடத்தான் என்பது தெளிவாயிற்று.

2003இல் சுவிட்சர்லாந்தின் ஓன் முதலிய அறிஞர்களுடன் கூடி மற்றோர் ஆய்வையும் வெளியிட்டார். வைரசின் டி.என்.ஏ.யைக் குறிவைக்கும் ஆர்.என்.ஏ.யை உருவாக்கும் மரபுத்துண்டை நோயுற்ற உளுந்துச் செடிக்குள் செலுத்தியபோது, செடி நோயினின்றும் மீண்டது.

ஆய்வகத்தில் மீண்ட செடியால் வயல்கள் அனைத்தும் மீண்டுவிடவில்லை. உழவர்க்கு இன்று கைகொடுப்பவை, நோயைத் தாங்கும் வம்பன் 8 போன்ற இரகங்களும் வெள்ளை ஈக் கட்டுப்பாடுமே. எனினும் பல வேடம் பூணும் பகைவனுக்கு எதிராக ஓர் இரகத்தைத் தேர்ந்தெடுக்க, அவ்வேடங்களை அறிந்திருத்தல் இன்றியமையாதது. சோதனைக்குரிய செடிகளுக்கு ஈயை நம்பாமல் நோயை ஊட்டிப் பார்க்கவும் இந்த முறை வழி செய்கிறது.

நம் பிள்ளைகள் அறிவியல் கற்க விழையும்போது, “இதனால் என்ன பயன்?” என்று உடனே கேட்டுவிடுகிறோம். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பற்றிய கல்வி, பல்லாண்டுகள் கழித்து உளுந்து வயலின் வழக்கில் சாட்சி சொன்னது. அவ்வினாவிற்கான விடைக்குச் சற்றுப் பொறுத்திருத்தலும் பெற்றோர் கடனே ஆகும்.