போலீஸ் ரேடியோவை ஒட்டுக்கேட்ட கதை

ஸ்கேனர் என்றதும் ஜெராக்ஸ் கடையில் மார்க் ஷீட்டை வைத்து மூடுவார்களே, அந்தப் பெட்டியை நினைத்துவிடாதீர்கள். இது ரேடியோ ஸ்கேனர். அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ் எல்லாம் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதை வீட்டில் உட்கார்ந்து கேட்கும் கருவி. ஒவ்வோர் அலைவரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். எதில் பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும். முதல் ஸ்கேனர் வாங்குகிறவர்கள் "எந்த மாடல் நல்லது?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எங்கள் ஊர் போலீஸ் எப்படிப் பேசுகிறது?" ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும்.

1922-ல் டெட்ராய்ட் போலீஸ் ஒரு ரேடியோ நிலையம் தொடங்கியது. பெயர் கே.ஓ.பி. (சேர்த்துப் படித்துப் பாருங்கள் :-)) கிடைத்ததோ பொழுதுபோக்கு நிலையத்துக்கான உரிமம். அதனால் பாட்டு போட்டுக்கொண்டே நடுவில் திருட்டுப்போன கார் விவரம் சொல்ல வேண்டிய நிலை! ஒருவழியாக 1928 ஏப்ரல் 7 அன்று முறையான போலீஸ் ரேடியோ அங்கே ஆரம்பித்தது. அதுவும் ஒருவழிதான். காரில் இருந்த போலீஸ்காரர் கேட்கலாம், பதில் பேச முடியாது. இருவழிப் பேச்சு 1933-ல் நியூஜெர்சியின் பேயோன் நகரில் வந்தது.

அன்றைக்கு ஸ்கேனர் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. போலீஸ் அலைவரிசை சாதாரண ஏ.எம். நிலையங்களுக்குச் சற்று மேலேதான் இருந்தது. 1930களின் வீட்டு ரேடியோக்கள் பலவற்றின் டயலிலேயே 'போலீஸ்' என்று அச்சடித்திருப்பார்கள். வீஜீ என்ற நியூயார்க் புகைப்படக்காரர் 1938-ல் அனுமதி வாங்கித் தன் காரிலேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொண்டார். அதனால்தான் பல கொலைகளின் படத்தை அவரால் சுடச்சுட எடுக்க முடிந்தது.

1940-ல் கனெக்டிகட் மாநில போலீஸ் இருவழி எஃப்.எம்.முக்கு மாறியது. போருக்குப் பிறகு மற்ற ஊர்களும் வரிசையாக மாற, வீட்டு ரேடியோ ஊமையாகிவிட்டது. பிறகு வந்த ஸ்கேனர்களில் அலைவரிசைக்கு ஒன்றாகச் சின்னக் கிரிஸ்டல் வாங்கிச் செருக வேண்டும். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியும் கிரிஸ்டல் இல்லையென்றால் ஒன்றும் கேட்காது. 1970களின் பிற்பகுதியில்தான் பட்டனைத் தட்டி எண்ணைப் பதியும் செட்டுகள் பரவின.

அடுத்தது டிரங்கிங். இதில் ஒரே உரையாடல் அலைவரிசைக்கு அலைவரிசை தாவும், எங்கே தாவ வேண்டும் என்பதை ஒரு கணினி முடிவு செய்யும். பழைய செட்டில் பாதி வாக்கியம்தான் விழும். 1997-ல் யூனிடென் நிறுவனம் அதையும் துரத்திப் பிடிக்கும் ஸ்கேனரை விற்றது. பிறகு டிஜிட்டல் வந்தது, மறுபடியும் புது செட். எங்கள் கணக்குப்பதிவியல் பாஷையில் சொன்னால், இந்தக் கருவிக்குத் தேய்மானம் போடுவது வாங்கியவர் இல்லை, ஊர் போலீஸ்!

கேட்பவர்களும் புனிதர்கள் அல்ல. 1996 டிசம்பரில் அமெரிக்க சபாநாயகர் நியூட் கிங்ரிச் கட்சிக்காரர்களோடு பேசியதை, ஒருவர் செல்போனில் இருந்ததால், ஃபுளோரிடா தம்பதி ஸ்கேனரில் பிடித்துப் பதிவு செய்துவிட்டார்கள். ஆளுக்கு 500 டாலர் அபராதம். செல்போன் பேச்சைக் கேட்கும் ஸ்கேனர்களைத் தயாரிக்கத் தடை போடும் சட்டம் 1992-லேயே வந்திருந்தது. ஏற்கெனவே வீடுகளில் இருந்த செட்டுகளை யார் போய்ப் பிடுங்குவது? 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு தேடுதலின்போது, ரேடியோவில் கேட்ட போலீஸ் நிலைகளை இணையத்தில் போடாதீர்கள் என்று போலீஸே கெஞ்ச வேண்டியிருந்தது.

இந்தக் காரணங்களைச் சொல்லித்தான் இப்போது குறியாக்கம் வருகிறது. டென்வர் 2019-ல் பூட்டியது. நியூயார்க் 2023-ல் பூட்டத் தொடங்கியது. இதற்கு முன் எத்தனை முறை போலீஸ் மாறினாலும் காசு செலவழித்தால் கேட்க முடிந்தது. இந்த முறை எந்த விலை கொடுத்தாலும் முடியாது. பத்திரிகைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கதவு சாத்தப்படுகிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. திருடனுக்குப் பயந்து பூட்டுகிறார்கள் சரி, போலீஸ் சுட்ட இரவில் என்ன நடந்தது என்பதைப் போலீஸ் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆக, பூட்டிய நகரத்தில் இருப்பவர் விலை உயர்ந்த டிஜிட்டல் செட்டில் பணத்தைப் போட வேண்டாம். கிராமப்புறத் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் பல இன்னும் பழைய எஃப்.எம்.மில்தான் பேசுகின்றன. விமானிகள் 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இன்றும் ஏ.எம்.மில் பேசுகிறார்கள். அதற்கு மலிவான அனலாக் செட்டே போதும்.