வில்லுவண்டிச் சாலையில் பென்ஸ் கார்

திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவிடம் இருந்த மெர்சிடிஸ் பென்ஸ் கார் 23 இலட்சம் மைல் ஓடியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. 1950-களில் 12,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது, சி.ஏ.என். 42 என்ற கர்நாடகப் பதிவெண் கொண்டது. பயணதூரத்தைப் பாராட்டி நிறுவனம் அளித்த பதக்கங்கள் அதன் முகப்பில் பதிக்கப்பட்டிருந்தன. இரண்டு புதிய கார்களுக்கு மாற்றாக இதைத் தரும்படி நிறுவனம் கேட்டும் அவர் இசையவில்லை. 2013 டிசம்பர் 16 அன்று தம் 91-ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்தக் காரைத் தொழிலதிபர் எம். ஏ. யூசுப் அலிக்குப் பரிசளிக்க அரச குடும்பம் முடிவு செய்திருப்பதாக 2021-இல் செய்தி வந்தபோது, மேற்சொன்ன விவரங்கள் அத்தனையும் அதே வரிசையில் மீண்டும் அச்சேறின. 23 இலட்சம் மைல் என்பதையும் எவரும் விடவில்லை.

வரலாற்று மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது வகுத்துப் பார்ப்பது. 23 இலட்சம் மைல் என்றால் ஏறத்தாழ 37 இலட்சம் கிலோமீட்டர். கார் 1955-இல் ஓடத் தொடங்கியது என்றும், உரிமையாளர் மறையும் வரை ஒரு நாளும் ஓய்ந்து நிற்கவில்லை என்றும் வைத்துக்கொண்டால்கூட, நாளொன்றுக்கு 175 கிலோமீட்டர் வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு 87 கிலோமீட்டர், போய்வர 174. அதாவது 58 ஆண்டுகள், மழையானாலும் திருவிழாவானாலும், நாள்தோறும் குமரிக்குச் சென்று திரும்பியிருக்க வேண்டும். பட்டம் அரண்மனையிலிருந்து பத்மநாபசுவாமி கோயிலுக்கு அவர் நாள்தோறும் சென்று வந்தது ஊரறிந்தது; அந்தத் தூரமோ சில கிலோமீட்டர் மட்டுமே.

இதைக் கொண்டு அந்த எண்ணைப் பொய் என்று தள்ளிவிட நான் முனையவில்லை. அவர் கார் ஓட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். நெடும்பயணங்கள் பல செய்தவர். நான் சொல்வது இந்த எண்ணின் வகையைப் பற்றி. கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது புதிதன்று. தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வரும்: வென்ற நாடுகளின் பட்டியல், அள்ளிவந்த பொன், முறியடித்த யானைகள். அதற்குக் கீழேதான் எவ்வளவு நிலம், யாருடைய நிலம், எல்லைக்கல் எங்கே, வரி எவ்வளவு என்ற செய்தி இருக்கும். மெய்க்கீர்த்தியை வைத்து மன்னன் தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினான் என்று அறியலாம்; ஊரின் வாழ்க்கையை அறியக் கீழ்வரிகளுக்குத்தான் வர வேண்டும். ஆடம்பரக் கார்களைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகிறது. பதக்கம் அதன் முத்திரை.

காரின் பெயரிலேயே ஒரு பாடச் சிக்கலும் உண்டு. ஆங்கிலச் செய்திகள் இதனை '180' என்ற எண்ணோடு, 'தந்தி' என்ற சொல்லின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்துக் குறிக்கின்றன. நிறுவனம் 1953-இல் வெளியிட்ட 180 வரிசையில் பெட்ரோல் வண்டி உண்டு. 1954 முதல் 'டீசல்' என்பதன் முதலெழுத்தைத் தாங்கிய வண்டியும் உண்டு. தந்தியின் எழுத்தைத் தாங்கிய வண்டி அந்த வரிசையில் இல்லை. நீட்டிய பின்பாகம் கொண்ட வண்டிகளுக்கு அந்த எழுத்து வந்தது 1970-களின் இறுதியில். நிருபர் ஒருவரின் காதில் விழுந்த ஒலி அச்சில் மாறி, பின்வந்தவர்கள் எல்லாரும் அதையே பார்த்தெழுதியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. தமிழில் இரண்டையும் '180 டி' என்றே எழுதுகிறோம். நம் எழுத்துமுறை இந்தப் பிழையை ஓசையின்றி விழுங்கிவிட்டது. 52 குதிரைத்திறன் பெட்ரோல் வண்டியா, 40 குதிரைத்திறன் டீசல் வண்டியா என்பது சிறிய செய்தியன்று. டீசல் என்ஜின் மெதுவானது, நீடித்து உழைப்பது. தூரக் கணக்கின் நம்பகத்தன்மையே அதைப் பொறுத்தது.

உரிமையாளரின் அனுபவத்தை விளம்பரமாக்கும் வழக்கம் இந்த நிறுவனத்தின் பிறப்போடு வந்தது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரினார். வாங்குவோர் எளிதில் கிடைக்கவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டியைச் செலுத்தினார். நூறு கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த தூரம். வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சீர்செய்தார். தேய்ந்த பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். நிறுவன வரலாற்றில் பெர்த்தாவுக்கு இன்று உரிய இடம் உண்டு. பிரேக்குக்குத் தோல் தைத்தவர் அந்தக் கதையில் 'ஒருவர்' மட்டுமே.

பிற்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எமில் யெலினெக் என்ற வணிகர் தம் மகளின் பெயரான மெர்சிடிஸை டைம்லர் நிறுவனக் கார்களுக்குச் சூட்டினார்; 1902-இல் அது வணிகப் பெயராகப் பதிவானது; மும்முனை நட்சத்திரம் 1909-இல் பதிவு பெற்றது; 1926-இல் டைம்லரும் பென்ஸும் இணைந்தன. சுருக்கக் கூடாத ஓர் இடமும் உண்டு. 1944-இல் டைம்லர் பென்ஸ் தொழிற்சாலைகளில் இருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்ட குடிமக்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். இதை நிறுவனமே பின்னாளில் ஏற்றுக்கொண்டு வெளியிட்டது. 180 வரிசைக் கார் அதற்குப் பத்தாண்டுகூட ஆகாத காலத்தில் வந்தது.

நாம் கணக்குக்காகக் கற்பனை செய்த அந்த அன்றாடக் குமரிப் பயணத்தின் சாலைக்கு வருவோம். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில். இந்தச் சாலையில் எந்த வாகனத்தில் யார் செல்லலாம் என்பது நெடுங்காலம் சாதிக் கேள்வி. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஆண்டுதோறும் புறப்படும் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி இவ்வழியே செல்கிறார்கள். சரசுவதிக்கு யானை, நங்கைக்குப் பல்லக்கு, குமாரசுவாமிக்கு வெள்ளிக் குதிரை. வாகனமே தகுதியின் மொழி என்பதை இச்சாலை மோட்டாருக்கு முன்பே கற்றிருந்தது.

அந்த மொழியை உடைத்தது ஒரு மாட்டுவண்டி. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1893-இல் ஒரு வில்லுவண்டியையும் இரண்டு வெள்ளைக் காளைகளையும் வாங்கினார். காளைகளுக்கு மணி கட்டி, வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, புலையர்கள் நடக்கவும் விடப்படாத பொதுச்சாலையில் அதை ஓட்டிச் சென்றார். 1898-இல் அவர் தலைமையில் புத்தன் சந்தையை நோக்கி நடந்தவர்கள் பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் தாக்கப்பட்டனர், திருப்பித் தாக்கினர், தெருச் சண்டை சுற்றுவட்டார ஊர்களுக்கும் பரவியது. அதே 1893-இல்தான் கார்ல் பென்ஸ் நான்கு சக்கர வண்டிக்கான திருப்புமுறைக்குக் காப்புரிமை பெற்று, விக்டோரியா என்ற வண்டியை விற்கத் தொடங்கினார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆண்டு ஒன்றுதான். ஆனாலும் பாலராமபுரத்தில் ஆடம்பர வாகனத்தின் வரலாற்றை எழுதுபவர் எந்த 1893-இலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். நான் வெங்ஙானூரிலிருந்து தொடங்குவேன். ஆடம்பரம் என்பதை இருக்கையின் தோலாலும் என்ஜினின் திறனாலும் மட்டும் அளந்தால் வில்லுவண்டி கணக்கிலேயே வராது. சாலையில் அமர்ந்து செல்லும் உரிமை சிலருக்கே உரியதாக இருந்த ஊரில், அமர்ந்து சென்றதே எல்லா ஆடம்பரத்தையும் விடப் பெரிதாகப் பட்டது. அதனால்தான் அடி விழுந்தது.

சாலியர் தெரு என்றேன். பாலராம வர்மா மன்னர் (1798–1810) காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து, வள்ளியூர்ப் பகுதியிலிருந்து என்பது மரபுச் செய்தி, அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட நெசவாளர்களின் தெரு அது. ஊரின் பெயரும் அம்மன்னரின் பெயரே. அரண்மனைக்கு மெல்லிய துணி நெய்வதற்கென வந்தவர்கள், ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்று வீடுகளை நெருக்கமாக அமைத்து, நடுவிலுள்ள வெளியில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்துக் காயவைத்தார்கள். தெரு அவர்களுக்கு வேலையிடம். வண்டிக்கு அது வழி. பாவு விரித்த தெருவில் சக்கரம் நுழைய முடியாது. நெடுஞ்சாலை ஒரு புறமும் பாவுத்தெரு மறுபுறமுமாக ஊர் பிரிந்து வளர்ந்ததற்கு இந்த எளிய காரணமும் உண்டென்று கருதுகிறேன்.

காருக்கான சாலை வந்தது பின்னர். சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் (1936–1947) திருவனந்தபுரம்–குமரி வழி சிமெண்ட் காங்கிரீட் சாலையாயிற்று. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்துத் தாமே முதல் பயணியாக ஏறினார். அத்துறையின் கண்காணிப்பாளர் சால்ட்டர் பேருந்தை ஓட்டினார். கோயில் நுழைவு அறிக்கை வெளியாகி (1936 நவம்பர் 12) அப்போது இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. மன்னர் அமர்ந்த வாகனத்தில் பயணச்சீட்டு வாங்கிய எவரும் அமரலாம் என்பது, 1898-இல் சாலியர் தெருவில் அடிபட்டவர்கள் சிலரின் ஆயுட்காலத்துக்குள் நடந்த மாற்றம். அய்யன்காளியே 1941 வரை வாழ்ந்தார்.

இனி 1950-கள். வெளிநாட்டுக் காரை முழு வண்டியாக இறக்குமதி செய்வதை அரசு பெரிதும் கட்டுப்படுத்தியிருந்தது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. இந்தச் சூழலில் ஒரு ஜெர்மன் கார் கிடைத்தது என்பதில் 12,000 ரூபாய் என்ற விலையைவிட முக்கியமானது அனுமதி. அரசுரிமை போன பின்னும் எஞ்சியிருந்த செல்வாக்கை அளக்க ஓர் இறக்குமதி உரிமத்தைவிடத் தெளிவான ஆவணம் குறைவு.

அதே ஆண்டுகளில் நட்சத்திரச் சின்னம் வேறொரு வழியாகவும் பாலராமபுரத்தைக் கடந்தது. 1954-இல் டெல்கோ நிறுவனம் டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969 வரை அந்த லாரிகளின் முகப்பில் இருந்தது அதே மும்முனை நட்சத்திரம். 'பென்ஸ் லாரி' என்ற பெயர் இரு மொழி ஓட்டுநர்களிடமும் நிலைத்தது. இச்சாலையில் வாழ்ந்த பெரும்பாலோர் நட்சத்திரத்தை முதலில் கண்டது அரண்மனைக் காரில் இருக்க முடியாது. பாரம் ஏற்றிய லாரியின் நெற்றியில்தான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே சாலை களியக்காவிளையில் இரண்டானது. எல்லைச் சாவடியில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த பென்ஸ் உரிமையாளர்கள், அதாவது லாரிக்காரர்கள், எவருக்கும் நிறுவனத்தின் பதக்கம் வந்ததில்லை.

ஒப்பீட்டுக்கு ஒரு கிரேக்கர். தெசலோனிக்கி நகர டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சகினிதிஸ், 1976-ஆம் ஆண்டின் 240 டி காரைப் பழைய வண்டியாக 1981-இல் வாங்கி, என்ஜின்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, 46 இலட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-இல் நிறுவன அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடுத்தார். மாற்றாக ஒரு புதிய கார் பெற்றார். பட்டத்து அரண்மனை மறுத்ததை டாக்ஸிக்காரர் ஏற்றுக்கொண்டார். பழைய காரை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள இன்னொரு வருமானம் வேண்டும். 240 டி-யின் கதையில் மாற்றிய என்ஜின்களின் பேச்சு வருகிறது. 180-இன் கதையில் என்ஜினையோ பணிமனையையோ பற்றி ஒரு வரியும் இல்லை. 37 இலட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி எத்தனை முறை பிரித்துப் பூட்டப்பட்டிருக்கும்? யாருடைய கைகளால்?

ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் சிலர் என்னிடம் அடிக்கடிக் கேட்பதால் இதைச் சேர்க்கிறேன். நேமத்திலிருந்து களியக்காவிளை வரையுள்ள பழைய பணிமனைகளின் கணக்கேடுகள், லாரிகளின் பதிவுப் புத்தகங்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த கார்களின் சுங்க ரசீதுகள் ஆகியவை வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. 1969-க்கு முன் பென்ஸ் லாரி ஓட்டியவர்களுக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல் வயது. பாறசாலைப் பக்கம் போகிறவர்கள் தமிழும் மலையாளமும் இரண்டும் பேசத் தெரிந்த துணையோடு போவது நல்லது.